பவளத்துக்கு லைட் பார்த்த அண்ணாச்சி

தென்காசி வட்டாரத்திலேயே சாரல் விழுந்தால் முகம் சுண்டிப்போகிற மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் கடல் அண்ணாச்சி. மலையில் மேகம் இறங்கிவிட்டால் பூக்காரம்மா முதல் புரோட்டாக் கடைக்காரர் வரைக்கும் ஊரில் எல்லோருக்கும் வயிறு குளிரும். அருவிக்கு ஆள் வரும், வியாபாரம் நடக்கும். கடல் அண்ணாச்சி மட்டும் வாசலில் நின்று, இடுப்பில் கை வைத்து, மேகத்தைப் பார்த்து, "வந்துட்டான் பாரு, நாசமாப் போறவன்" என்பார். தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து எதிர்வீட்டுக்காரர் பாதி வழியில் திரும்பிப்போனது உண்டு.

கடலுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. புளியங்குடி எலுமிச்சைச் சந்தையில் கமிஷன் கடை வைத்து ஏலம் கூவியவர். அவர் அங்கே "ஒரு தரம்" என்றால் இங்கே தென்காசியில் மூட்டையை அவிழ்ப்பார்கள் என்று பேச்சு. அப்படிக் கூவிக் கூவித் தொண்டையில் கட்டி வந்தது. ஆபரேஷன் முடிந்ததும், இனி சத்தமே போடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடையை மகன் கையில் கொடுத்துவிட்டு, குற்றாலம் போகிற வழியில் மேலகரத்தில் இருக்கிற வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். சுவரைப் பார்ப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் சாப்பிடுவார். மறுபடியும் சுவரைப் பார்ப்பார்.

கொச்சியில் மீன்தொட்டிக் கடை வைத்திருக்கும் அவருடைய தங்கை மகன் இதைக் கேள்விப்பட்டு, ஒரு கண்ணாடித் தொட்டியையும் இரண்டு கடல் மீன்களையும், கல்லில் ஒட்டிய ஒரு பவளத்தையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். கடலில் பிடுங்கியது இல்லை. கடைத் தொட்டியிலேயே வளர்த்தது. சட்டைப் பொத்தான் அளவில் வாய் வாயாக ஒரு கொத்து. திறந்திருந்தால் பூ. மூடியிருந்தால் பழைய பாக்கு.

அண்ணாச்சிக்கு அதன்மேல் வந்த பிரியத்தைச் சொல்லி முடியாது. திருச்செந்தூர் போகிறவர்கள் விபூதி கொண்டுவருவார்கள், கருப்பட்டி கொண்டுவருவார்கள். இவர் கேனில் கடல் தண்ணீரைக் கொண்டுவந்தார். குற்றாலத்துத் தண்ணீருக்காக ஊர் ஊராகச் சனம் வேன் கட்டி வருகிற இடத்தில், வீட்டுக்குள் உப்புத் தண்ணீரைச் சேர்த்து வைத்தவர் அவர். கூடத்துக் கூரையில் இருந்த கண்ணாடி ஓட்டுக்கு நேர் கீழே தொட்டியை வைத்தார். வெயில் விழுந்தது, பவளம் திறந்தது. அண்ணாச்சியும் வாய் திறந்து பேச ஆரம்பித்தார்.

அவர் மனைவியை நாங்கள் எல்லோரும் மதினி என்போம். மதினிக்குக் கூடம் ஈரமாவதில் சம்மதம் இல்லை. "இது செத்துச்சுன்னா சொல்லிட்டேன், அந்தத் தொட்டியில மண்ணக் கொட்டிக் கறிவேப்பில நட்டுருவேன். அதுவாவது ரசத்துக்கு ஆவும்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் சாரல் நன்றாகவே வந்தது. கண்ணாடி ஓட்டில் வெயிலைக் காணோம். பவளம் பாக்காகிவிட்டது. அண்ணாச்சி வானத்தைத் திட்ட ஆரம்பித்தது அப்போதுதான்.

கொச்சி மருமகன் போனில், லைட் ஒன்று அனுப்புகிறேன் என்றான். அண்ணாச்சி ஒப்பவில்லை. கண்ணால் பார்க்காமல், கையால் தொடாமல் ஒரு பழம்கூட வாங்கியதில்லை என்று சொல்லிவிட்டார்.

தென்காசியில் என் கடை சீரியல் செட்டும் டியூப் லைட்டும் வாடகைக்கு விடுகிற கடை. கோயில் கொடைத் திருவிழா, கல்யாணம், ஐந்தருவியில் சீசன் கடைகள், இதெல்லாம்தான் எனக்குத் தெரிந்த வெளிச்சம். ஒருநாள் காலையில் அண்ணாச்சி கையில் தூக்குச்சட்டியோடு வந்து நின்றார்.

"தம்பி, ஒரு லைட்டு வேணும்."

"கொடையா அண்ணாச்சி, கல்யாணமா?"

"இதுக்கு" என்று தூக்குச்சட்டியை மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தார். உள்ளே உப்புத் தண்ணீரில் அந்தப் பாக்கு கிடந்தது.

நான் குனிந்து சட்டிக்குள் பார்த்தேன். அவரே சொன்னார்: "ஜாக்கெட் துணி எடுக்கப் போறவ சேலையக் கையில கொண்டு போறாள்லா? அதே கணக்குதான். நீ ஒவ்வொரு லைட்டாப் போடு. இது எதுக்குத் தெறக்குதுன்னு பாப்போம்."

"இதுக்குக் கண்ணு இருக்கா அண்ணாச்சி?"

"கண்ணு எதுக்கு? வாய் இருக்குல்லா. பிடிச்சா தெறக்கும்."

டியூப் லைட்டைப் போட்டேன். மூடியே இருந்தது. கல்யாண மேடைக்குப் போடுகிற மஞ்சள் ஃபோகஸைப் போட்டேன். அசையவில்லை. பச்சை சீரியல் செட்டை எடுத்துத் தூக்குச்சட்டியைச் சுற்றிச் சுற்றிவிட்டேன். அது ஓடி ஓடி எரிந்தது. அந்த நேரம் பார்த்து, ஐந்தருவியில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை போடுகிறவர் டியூப் லைட் சொல்லிவிட்டுப் போக வந்தார். பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, பழைய சோத்துக்குச் சீரியல் செட்டு போட்டுத் திங்கப் போறியளா?"

"சத்தம் போடாதடே. அது யோசிக்குது."

சிப்ஸ்காரர் உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என்னத்த யோசிக்குது?" என்று என்னிடம் கிசுகிசுத்தார். அதன் பிறகு கடைக்கு வந்தவர்கள் எல்லோருமே, ஏதோ சாவு வீட்டுக்குத் துட்டி கேட்க வந்தவர்கள் மாதிரி, செருப்பை வெளியே விட்டுவிட்டு மெதுவாகப் பேசினார்கள். அண்ணாச்சி எல்லோருக்கும் டீ சொன்னார். கடைசியில் அம்மன் கொடைக்குப் போடுகிற நீல ஃபோகஸைப் போட்டுவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். கொத்தில் ஒரே ஒரு வாய் லேசாக விரிந்தது. சும்மா கிடந்து கிடந்து அலுத்துப்போய் விரிந்ததா, நீலத்துக்காக விரிந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"நீலம். முடிஞ்சுது" என்றார் அண்ணாச்சி.

சிப்ஸ்காரருக்கு அதைப் பார்த்துப் பெரிய நம்பிக்கை வந்துவிட்டது. "எங்கடைக்கும் அந்த நீலத்தையே போட்டுரும்" என்றார். போட்டேன். நீல வெளிச்சத்தில் அவருடைய சிப்ஸ் முழுக்கப் பூசணம் பிடித்த மாதிரித் தெரிந்தது. மறுநாளே கழற்றச் சொல்லிவிட்டார்.

நீலம் என்று முடிவானதும் அண்ணாச்சி மருமகனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மருமகன் சிரிக்காமல் பேசினான். "மாமா, நீலமாத் தெரிஞ்சாப் போதாது. நாம பாக்குற வெளிச்சம் வேற, அது திங்கிற வெளிச்சம் வேற. அதுக்குச் சோறே வெளிச்சந்தான். கொடை லைட்டப் போட்டா, நீலக் கலர் காயிதத்துல சோறு படம் வரைஞ்சு வச்ச மாதிரி. பவளத்துக்குன்னே எல்இடி இருக்கு. நீலம் தூக்கலா, வெள்ள கொஞ்சமா."

இரண்டு வகை இருக்கிறதாம். ஒன்றில் திருகு உண்டு. நீலத்தையும் வெள்ளையையும் தனித்தனியாகக் கூட்டலாம், குறைக்கலாம். இன்னொன்றில் திருகு கிடையாது. போட்டால் முழுசாக எரியும். திருகு இருப்பதையே வாங்குங்கள் என்று மருமகன் தலைப்பாடாக அடித்துக்கொண்டான்.

"திருகு வேண்டாம்" என்றார் அண்ணாச்சி. "நாற்பது வருசமா எலுமிச்ச வெல ஏறுதத்தையும் எறங்குதத்தையும் பாத்துப் பாத்துத்தான் எனக்குத் தொண்டையே போச்சு. வீட்டுல லைட்டாவது ஏறாம எறங்காம ஒரே நெலையில நிக்கட்டும்."

செங்கோட்டை பஸ்ஸில் பார்சல் வந்தது. என்னைக் கூப்பிட்டார், பந்தல் சங்கிலி கொண்டுபோனேன். தண்ணீருக்கு மேலே நல்ல உயரத்தில் கட்ட வேண்டும், முதலில் கொஞ்ச நேரம் மட்டும் போட்டு, மெள்ள மெள்ளப் பழக்க வேண்டும் என்பது மருமகன் சொன்னது. தொட்டியை முட்டுகிற மாதிரிக் கட்டு, காலையில் போட்டால் பொழுதடையத்தான் அணைப்பேன் என்பது அண்ணாச்சி சொன்னது.

"மருமவன் ஒசரமால்லா கட்டச் சொன்னாரு" என்றேன்.

"பசியோட கெடந்ததுக்கு யாராவது அளந்து சோறு போடுவாகளா தம்பி? நல்லாத் திங்கட்டும்."

சுவிட்சைப் போட்டதும் கூடம் முழுக்க நீலமாகிவிட்டது. மதினி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஆம்னி பஸ்ஸுக்குள்ள குடியிருக்க மாதிரி இருக்கு. கண்டக்டர எங்க?" என்றார்.

பவளம் இரண்டு நாள் கழித்து நன்றாகவே விரிந்தது. அதன் பிறகு நடந்ததுதான் விசேஷம். பழுப்பும் பச்சையுமாக இருந்த அது, கொஞ்சம் கொஞ்சமாக வெளிர ஆரம்பித்தது. பச்சை போய் இளமஞ்சளாக வந்தது. வேறு யாராக இருந்தாலும் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். அண்ணாச்சி ஆயுள் முழுக்கப் பச்சை எலுமிச்சை மஞ்சளாவதைப் பார்த்தே சாப்பிட்டவர்.

"பழுக்குது" என்றார்.

தெருவில் ஒரு வீடு விடவில்லை. எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். புளியங்குடியிலிருந்து பழைய வியாபாரிகள் காரில் வந்து, தொட்டிக்கு முன்னால் குனிந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். "நல்ல நெறம். ஒரே சீரா வருது" என்றார் ஒருவர். "இன்னும் நாலு நாள் போனா முழுசா மஞ்சளாயிரும்" என்றார் இன்னொருவர். மூன்றாமவர், வாடை பார்க்க முடியாதா என்று கேட்டார். நானும் பார்த்தேன். முன்னால் இருந்ததைவிட அழகாகத்தான் இருந்தது.

நல்லாப் பழுத்ததும் அண்ணாச்சி போட்டோ எடுத்து மருமகனுக்கு அனுப்பினார். உடனே போன் வந்தது.

"மாமா, அது பழுக்கல. வெளுக்குது. அதுக்குள்ள இருந்து சோறு ஆக்கிப் போடுற பாசி எல்லாம் வெளிச்சம் தாங்காம ஓடிருச்சு. இப்பப் பட்டினியா கெடக்கு. இப்படியே விட்டா செத்துரும்."

அண்ணாச்சி போனைக் கீழே வைத்தார். லைட்டை அணைத்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார், சுவரைப் பார்த்து.

இரண்டு நாள் கழித்து மதினி என் கடைக்கு வந்தார். அவர் தென்காசிக்குத் தனியாக வந்து நான் பார்த்ததில்லை. கையில் ஒரு துணிப்பை.

"தம்பி, அந்த லைட்டக் கொறைக்க வழி இருக்கா?"

"திருகு இல்லாத லைட்டு மதினி. எறக்க முடியாது. எனக்கு அதுல ஒண்ணும் தெரியாது."

"கொச்சிக்காரன்கிட்ட நான் பேசிட்டேன். அணைச்சே போட்டாலும் செத்துருமாம். ஒசரத்துல தூக்கிக் கட்டிட்டு, வல மாதிரி எதையாவது அடுக்கி மறைக்கணுமாம். தெம்பு வர வர ஒவ்வொரு மடிப்பா உருவணுமாம்."

"கறிவேப்பில நடப்போறேன்னு சொன்னிய."

மதினி என்னைப் பார்க்காமல் சீரியல் செட்டைப் பார்த்தார். "நான் என்னமும் சொல்லுவேன். அது போச்சுன்னா அவுக மறுபடியும் செவத்தப் பாத்து உக்காந்துருவாக தம்பி. மொத தடவ ஆறு மாசம் அந்த மொகத்தப் பாத்துட்டு இருந்தவ நான். இனிமே என்னால ஆவாது." பிறகு துணிப்பையைப் பிரித்தார். உள்ளே அண்ணாச்சி படுக்கிற கொசுவலை. "இது போதுமான்னு பாரு."

அன்றைக்கே போய்ச் சங்கிலியை ஏற்றிக் கட்டினேன். மதினி கொசுவலையை வெட்டி வெட்டிக் கொடுத்தார். அண்ணாச்சி எழுந்து வந்து மடிப்பு மடிப்பாக லைட்டுக்கு அடியில் கட்டினார். பவளத்துக்குக் கல்யாணப் பெண்ணுக்கு முகத்திரை போட்ட மாதிரி இருந்தது. மேலகரத்துக் கொசு அத்தனையும் அன்று முதல் அண்ணாச்சியிடம் வந்து சேர்ந்தது. முகமெல்லாம் தடிப்புத் தடிப்பாக வாசலில் நிற்பார். என்ன அண்ணாச்சி என்று கேட்டால், "எனக்குத் திரை இல்ல, அதுக்கு இருக்கு" என்பார்.

வெள்ளிக்கிழமைதோறும் ஒரு மடிப்பை உருவுவது என்று ஏற்பாடு. என்னையும் வரச் சொல்லிவிடுவார். அது ஒரு சடங்கு மாதிரி நடக்கும். அண்ணாச்சி வலையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, டாக்டர் சொன்னதை மீறாமல், காற்றுக் குரலில் ஏலம் விடுவார்: "ஒரு தரம்." குனிந்து தொட்டியைப் பார்ப்பார். "ரெண்டு தரம்." மறுபடி பார்ப்பார். பவளம் மூடிக்கொள்கிற மாதிரி இருந்தால் ஏலத்தை அடுத்த வாரத்துக்கு ஒத்திவைத்துவிடுவார். பரவாயில்லை என்று பட்டால் மட்டும் "மூணு தரம்" என்று வலையை உருவுவார். மதினி பின்னால் நின்று, "வெரசா உருவுங்க, கொழம்பு தீயுது" என்பார். ஆனால் அடுப்படிக்குப் போகமாட்டார்.

சீசன் முடிகிற சமயம். கடைசி மடிப்பு. "மூணு தரம்" என்று உருவினார். நாங்கள் மூவரும் குனிந்து பார்த்தோம். கொத்து முழுக்க விரிந்து கிடந்தது. நடுவில் மட்டும் பச்சை எட்டிப் பார்த்தது. மற்றபடி நல்ல அழுத்தமான பழுப்பு. பார்த்தால் யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள்.

புளியங்குடி வியாபாரிகள் மறுபடியும் வந்து பார்த்துவிட்டுத் துக்கப்பட்டார்கள். "என்ன அண்ணாச்சி, முன்ன அவ்வளவு நல்லா இருந்துச்சே. இப்பக் கருத்துல்லா போச்சு."

"ஆமா" என்றார் அண்ணாச்சி, பெருமை தாங்காமல். "நல்லாக் கருத்துருச்சு."

மதினி அன்றைக்கு அவருக்குப் புதுக் கொசுவலை எடுத்து வந்தார். கடையில் நீல நிறம்தான் இருந்ததாம். அவரே அப்படிச் சொன்னார்; நான் நம்பவில்லை.

இந்த வருஷமும் சாரல் தொடங்கிவிட்டது. ஐந்தருவிக் கடைகளுக்கு லைட் கட்ட அந்த வழியாகத்தான் போகிறேன். மேலகரத்தில் அவர் வீட்டுக்கு எதிரே வண்டியைக் கொஞ்சம் நிறுத்துவேன். ஜன்னலில் நீலம் தெரியும். வாசலில் அண்ணாச்சி மலையைப் பார்த்து நின்றுகொண்டு, "வந்துட்டான் பாரு, நாசமாப் போறவன்" என்று மெதுவாகத் திட்டுவது காதில் விழும். அது விழுந்த பிறகுதான் வண்டியை எடுப்பேன்.