எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சொறி இல்லை

சரோஜினி நகர்,
புது டில்லி,
2.9.2025

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

டில்லியிலிருந்து ஜெயசீலன் பணிவுடன் எழுதுவது. இங்கு நானும் வள்ளியும் வைஷ்ணவியும் நலம். நாயும் நலம். கோவில்பட்டியில் தாங்களும் அக்காவும் நலமாயிருக்க செண்பகவல்லி அம்மன் அருள் புரிவாளாக. பதினைந்து நாட்களாகத் தாங்கள் என் ஃபோனை எடுக்கவில்லை. அக்கா எடுத்தாலும் "அத்தான் தோட்டத்துல நிக்காக" என்கிறாள். தங்கள் வீட்டுத் தோட்டத்தில் இருப்பது ஒரு முருங்கை மரம். அதன் அடியில் ஒரு மனிதர் பதினைந்து நாட்கள் நிற்க முடியாது என்பதால், தாங்கள் கோபமாக இருக்கிறீர்கள் என்று புரிந்துகொண்டு இதை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆவணி முதல் ஞாயிறு அன்று தாங்கள் பெரிய மனது பண்ணி ஏற்பாடு செய்த வீடியோ காலில், வைஷ்ணவிக்குப் பார்த்த மாப்பிள்ளை தீனாவின் வீட்டாருக்கு முன்னால் நாங்கள் மூவரும் ஓயாமல் சொறிந்துகொண்டிருந்தோம். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சொறி, சிரங்கு, படை முதலிய எதுவும் கிடையாது, முன்பும் இருந்ததில்லை. நடந்ததை வரிசையாகத் தெரிவித்தால் தாங்கள் அவர்களிடம் பக்குவமாக எடுத்துச் சொல்வீர்கள் என்று நம்புகிறேன்.

எங்கள் வீட்டில் ஒன்பது வருடமாக வேலை செய்துவந்த பவுனு, ஜங்புராவில் நம்ம ஊர்க்காரர்கள் இருந்த மதராசி கேம்ப் குடிசைப் பகுதியில் இருந்தவள். ஜூன் மாதம் கேம்ப்பை இடித்துவிட்டார்கள். அவளுக்கு நரேலாவில் மாடி வீடு கிடைத்தது. இங்கிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். சாமான் ஏற்றிய டெம்போவில் அவள் நாய்க்கு இடமில்லை. "கொஞ்ச நாள் வச்சிருங்க சார், வீடு ஒழுங்கானதும் கூட்டிட்டுப் போறேன்" என்று நாயோடு வந்து நின்றாள். ராஜ்மா பயறு மாதிரி கருஞ்சிவப்பு நிறத்தில், ஒரு காது மடங்கி, அதுபாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. பெயர் ஜல்தி, இந்தியில் சீக்கிரம் என்று அர்த்தம். இந்தப் பெயரை யார் வைத்தார்களோ, அந்த நாய் இதுவரை எதையும் அவசரமாகச் செய்து நான் பார்த்ததில்லை. ஆனால் நான் லிஃப்ட் வாசலில் நின்று "ஜல்தி, ஜல்தி, வா" என்று கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து ஏறுவார்கள், அது மட்டும் கடைசியில் நடந்து வரும்.

ஜூலையில் மழை ஆரம்பித்தது. ஆகஸ்ட் நடுவில் ஒருநாள் காலை அதன் காது மடலில் மிளகு அளவில் ஒரு மச்சம் பார்த்தேன். அழகாக இருக்கிறது என்றுகூட வள்ளியிடம் சொன்னேன். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து பார்த்தால் மச்சம் கழுத்தில் இருக்கிறது. நான் முப்பத்திரண்டு வருடம் ஃபைல் பார்த்தவன், ஒன்றை வைத்த இடம் எனக்கு மறக்காது. வைஷ்ணவியைக் கூப்பிட்டேன். அவள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அப்பா, இது மச்சம் இல்லப்பா, இதுக்குக் கால் இருக்கு" என்றாள். உண்ணி. ஒன்று என்று நினைத்தோம், காதுக்குள் நாலு, கால் விரலிடுக்கில் ஆறு. அது போதாதென்று வயிற்று முடியை விலக்கினால் கடுகு மாதிரி என்னமோ குதிக்கிறது. அது தெள்ளுப்பூச்சி.

இனிமேல்தான் என் தவறுகள் ஆரம்பம் அத்தான், ஒளிக்காமல் சொல்கிறேன். முதலில் வேப்பிலை கொதிக்க வைத்துக் குளிப்பாட்டினேன். பாதிக் குளியலில் ஜல்தி எழுந்து, தன் வாழ்க்கையிலேயே முதல் முறையாக ஜல்தியாக, ஹாலுக்குப் போய் உதறியது. சுவரில் எங்க கல்யாண ஃபோட்டோ வரைக்கும் வேப்பிலை. அப்புறம் வள்ளி, மஞ்சள் நல்லதுன்னு சொல்லி நல்லெண்ணெயில குழைச்சு உடம்பெல்லாம் தடவிட்டா. சாயங்காலம் வாக்கிங் போனப்ப மேல் மாடி சேஷன் சார் நின்னு பார்த்துட்டு, "ஜெயசீலன், பழைய நாயைக் குடுத்துட்டு லாப்ரடார் வாங்கிண்டேளா?" என்று கேட்டார். வீட்டு சோபாவும் அன்றைக்கே லாப்ரடார் நிறத்துக்கு வந்துவிட்டது. நான் சும்மா இருக்காமல் அந்துருண்டையைப் பொடி பண்ணி அது படுக்கிற கோணிக்கு அடியில் போட்டேன். ஜல்தி அதை மோந்து பார்த்துட்டு, எழுந்து போய் எங்க கட்டில்ல படுத்துக்கிச்சு. அதோட தெள்ளுப்பூச்சியும் சேர்ந்து குடிவந்திருச்சு. இதெல்லாம் நடந்தது வெள்ளி, சனி. ஞாயிறு காலை பதினோரு மணிக்கு உங்க வீடியோ கால்.

மூணு பேரும் அந்த மஞ்சள் சோபாவுல, மேல புது விரிப்பு போட்டு, வரிசையா உட்கார்ந்தோம். ஃபோனை எதிரே டீப்பாயில நிறுத்தியிருந்தோம், அதனால எங்க முழு உருவமும் தெரியும். முதல் ரெண்டு நிமிஷம் நல்லாத்தான் போச்சு. அப்புறம் வள்ளிக்குக் கணுக்கால்ல கடிச்சுது. அவ பட்டுப்புடவையைச் சரி பண்ற மாதிரி குனிஞ்சா, நிமிரவே இல்லை. எனக்கு முதுகு. வைஷ்ணவி முழங்கையை வச்சுக்கிட்டுப் படாத பாடு படுறா. மாப்பிள்ளையோட அப்பா, "பொண்ணுக்குத் தமிழ் நல்லா வருமா?" என்று கேட்டார். நான் தலையைச் சொறிஞ்சேன். அது பூச்சிக்காகச் சொறிஞ்சது, ஆனா பார்க்கிறவங்களுக்கு யோசிக்கிற மாதிரி இருந்திருக்கும். வைஷ்ணவி, "பேசுவேன் மாமா, படிக்கத்தான் டைம் ஆகும்" என்று சொல்லிக்கிட்டே மற்ற முழங்கைக்கு மாறினா. அப்பத்தான் மாப்பிள்ளையோட அம்மா கேட்டாங்க: "தப்பா எடுத்துக்காதீங்க, குடும்பத்துல யாருக்கும் எதுவும் வியாதி கிடையாதே?"

"சர்க்கரைகூடக் கிடையாதுங்க" என்றேன், சோபாவில் முதுகை மேலும் கீழுமாகத் தேய்த்துக்கொண்டே.

அந்தப் பக்கம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தாங்க. மாப்பிள்ளை மட்டும் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவங்க எல்லாரும் சாமி சிலை மாதிரி ஆடாம அசையாம இருந்தாங்க, எவ்வளவு அடக்கமான குடும்பம்னு நினைச்சு எனக்கு இன்னும் வெட்கமாப் போச்சு. பெரியவர் "இங்க நெட் சரியில்ல" என்று சொல்ல, கால் கட் ஆனது. அதுக்கப்புறம் பேச்சே இல்லை. வள்ளி சமையலறையில் போய் அழுதாள். "பொண்ணு வாழ்க்கையைப் பூச்சி அரிச்சிருச்சே" என்றாள். நாயைப் பவுனுகிட்டயே கொண்டுபோய் விட்டுரலாம்னு நான் சொன்னதுக்கு, "அதுக்கும் வீடு போயித்தானே இங்க வந்துச்சு" என்று அதுக்கும் சேர்த்து அழுதாள்.

மறுநாளே மிருக டாக்டர் ஆரிப்பிடம் போனோம். நான் செய்த வைத்தியங்களைச் சொல்லச் சொல்ல அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அந்துருண்டை நாய்க்கு விஷமாம், அது மோந்து பார்த்துட்டு எங்க கட்டிலுக்கு வந்ததுதான் எங்க வீட்டிலேயே நடந்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் என்றார். உண்ணியை நசுக்கக் கூடாது, மண்ணெண்ணெய் ஊத்தக் கூடாது, சின்ன இடுக்கியால தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா மெதுவா இழுக்கணும். மாசம் ஒரு மாத்திரை கொடுக்கணும், மழைக்காலம் முடிஞ்சாலும் நிறுத்தக் கூடாது. கடைசியா சொன்னார்: "பத்துப் பூச்சியில ஒண்ணுதான், சாஹிப், நாய் மேல இருக்கு. பாக்கி ஒன்பதும் முட்டையும் புழுவுமா உங்க வீட்டுல இருக்கு."

இதைக் கேட்டதும் வள்ளியின் அழுகை நின்றது அத்தான். எதிரி வீட்டுக்குள் இருக்கிறான் என்று தெரிந்தால் அவள் வேறு மனுஷி. விரிப்பு, திரை, தலையணை உறை, என் குளிர்காலக் கோட்டு, எல்லாம் வெந்நீரில் போயின. சேஷன் சார் வீட்டு வாக்குவம் கிளீனரை வாங்கி வந்து, தினமும் சோபாவின் இடுக்கெல்லாம் உறிஞ்சினாள். அவர் மனைவி ஜலஜா மாமி மெஷினைத் திருப்பிக் கேட்க வந்து, இவள் செய்வதைப் பார்த்துவிட்டு, தானும் இரண்டு மணி நேரம் இருந்து கட்டிலைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனார். ஒவ்வொரு வாக்கிங்குக்கும் அப்புறம் வைஷ்ணவி ஜல்தியை மடியில் போட்டுக் காதும் விரலிடுக்கும் பார்க்கிறாள். போன ஞாயிறு பவுனு வந்தாள். வந்தவுடன் நாயின் காதைத் திருப்பிப் பார்த்தாள், எங்களை அப்புறம்தான் பார்த்தாள். "சுத்தமா வச்சிருக்கீங்கம்மா. ரெண்டு வீட்டுக்கும் பிள்ளையா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, வள்ளி போட்ட இட்லியை நாயோடு பங்கு போட்டுச் சாப்பிட்டாள். இப்போது நாலு நாளாக இந்த வீட்டில் யாரும் சொறியவில்லை. நான் பழக்க தோஷத்தில் ஒருமுறை முதுகில் கை வைத்தேன், வள்ளி வாக்குவத்தோடு வந்துவிட்டாள்.

ஆகவே தாங்கள் தயவுசெய்து மாப்பிள்ளை வீட்டாரை நேரில் பார்த்து, இது நோயல்ல, நாய் என்று விளக்க வேண்டும். வேண்டுமானால் டாக்டர் ஆரிப்பிடம் சர்டிஃபிகேட் வாங்கி அனுப்புகிறேன். நாய்க்குத்தான் தருவாராம், எங்களுக்குத் தர மாட்டாராம்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். தங்கள் மூட்டு வலி குறைந்து, தோட்டத்திலிருந்து சீக்கிரம் வீட்டுக்குள் வரப் பிரார்த்திக்கும்,

தங்கள் அன்பு மைத்துனன்
ஜெயசீலன்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது வைஷ்ணவி வந்து என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்டாள். வாசித்துக் காட்டினேன். வீடியோ கால் இடம் வந்ததும் தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தவள், அரை மணி நேரம் கழித்துத்தான் பேசினாள். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவளும் மாப்பிள்ளையும் தினமும் ஃபோனில் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். அவங்க வீட்டுப் பூனை மாப்பிள்ளை கட்டில்மேல குட்டி போட்டு, வீடு முழுக்கத் தெள்ளுப்பூச்சியாம். அன்றைக்கு அவர்கள் எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்களாம். நாங்கள் அதைக் கண்டுபிடித்து, அவர்களைப் பழித்துக் காட்டத்தான் சொறிகிறோம் என்று பெரியவர் நினைத்துவிட்டாராம். உங்களிடமும் அப்படித்தான் சொன்னாராமே, முருங்கை மரம் இப்போதுதான் எனக்குப் புரிகிறது. எங்கள் நாய்க் கதையை மாப்பிள்ளை நேற்றே பெரியவரிடம் சொல்லிச் சமாதானப்படுத்திவிட்டாராம், ஆகவே மேலே எழுதிய எதையும் தாங்கள் அவர்களிடம் சொல்ல வேண்டாம். பூனைக்கான மருந்தை நானே அனுப்புகிறேன், நாய் மருந்தைப் பூனைக்குப் போட்டுவிடக் கூடாது என்று ஆரிப் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மருந்தின் அளவுக்கு அவருக்கு ஒரு விவரம் மட்டும் தெரிய வேண்டும். நாள் குறிக்கப் போகும்போது, கையோடு அந்தப் பூனையின் எடையையும் குறித்துக்கொண்டு வரவும்.