கடல் எம்.பி.க்கு மலையில் ஒரு வரவேற்புரை

ஒருவரைத் திட்டுவதென்றால் நாலு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் திட்டுகிறோம். பாராட்டுவதற்கு முன்னால் யாரும் விசாரிப்பதில்லை. தப்பாகப் பாராட்டினால் என்ன ஆகிவிடப் போகிறது என்ற தைரியம்தான். என்ன ஆகும் என்று நான் சொல்கிறேன். ஊரே கூடியிருந்த கூட்டத்தில், ஒலிபெருக்கியில், ஒரு நாடாளுமன்ற உறுப்பினரைப் பாராட்டியே கதிகலங்க வைத்தவன் நான்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கேரளாவில், வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஆறு வீடுகள். ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் ஆறு வீட்டிலும் தும்மல். அம்மா செல்லத்தாயி கொழுந்து எடுக்கப் போவாள். நான் அரசியல் அறிவியலில் பட்டம் வாங்கிவிட்டு, வேலை எதுவும் இல்லாமல், நாட்டின் போக்கைக் கவனித்துக்கொண்டிருந்தேன். (விறகு பிளக்கச் சொன்னால் என் கவனம் இன்னும் தீவிரமாக நாட்டின் பக்கம் போய்விடும்.)

அந்த வருஷம் எம்.பி. நிதியில் எங்கள் முக்குரோட்டுக்கு ஒரு ஹைமாஸ்ட் விளக்கு வந்தது. கூரை ஒழுகும் வீடுகளுக்கு நடுவில், வானத்தைத் தொடுகிற மாதிரி ஒரு கம்பம். அதைத் திறந்து வைக்க எம்.பி.யே வருகிறார் என்றதும் லயத்துப் பெண்கள் கூடி ஒரு மனு எழுதினார்கள். கூரையை மாற்றித் தர வேண்டும், தரை ஊறுகிறது, போன மழையில் ஒரு வீட்டின் பின்சுவர் சாய்ந்துவிட்டது. அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அந்த மனுவை எம்.பி.யின் கையிலேயே கொடுப்பது என்று ஏற்பாடு.

விழாவை நடத்தியவர் யூனியன்காரர் பால்சாமி அண்ணன். அவர் என்னிடம் வந்து, "தம்பி, நீதான் சுவாகதம் பேசணும். படிச்ச பய நீ ஒருத்தன்தான் சும்மா இருக்க" என்றார். வரவேற்புரைக்கு எங்கள் பக்கம் சுவாகதம் என்றுதான் பெயர். 'படிச்ச' என்ற சொல் மட்டும் என் காதில் விழுந்தது. 'சும்மா இருக்க' என்பது விழவில்லை.

எனக்குள் ஒரு கணக்கும் ஓடியது. நன்றாகப் பேசினால் எம்.பி. தோளில் தட்டுவார். தட்டியதும் ஒரு சிபாரிசுக் கடிதம் கேட்டுவிடலாம். ஆகவே மற்றவர்களைப் போல "மலைகளின் மைந்தனே, மக்களின் தோழனே" என்று பேசக் கூடாது. ஆதாரத்தோடு பேச வேண்டும். அவர் நாடாளுமன்றத்தில் என்ன கேட்டார், எதற்கு எப்படி வாக்களித்தார் என்று பட்டியல் போட்டு அசத்த வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் நெட் கிடைக்கிற ஒரே இடம் தண்ணீர்த் தொட்டியின் மேல்தட்டு. ஏறி உட்கார்ந்து, நாடாளுமன்றத்தின் இணையதளத்தில் எம்.பி.யின் பெயரைத் தட்டினேன். (பெயரைச் சொல்லப் போவதில்லை. சந்தை நாளில் பஸ் ஸ்டாண்டில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டால் பத்துப் பேராவது திரும்பிப் பார்ப்பார்கள்.) பக்கம் அங்குலம் அங்குலமாகத் திறந்தது. போட்டோ இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வெறும் தலை. கேள்விகளின் பட்டியல் மட்டும் வந்துவிட்டது.

படித்தேன். கடல் அரிப்பு பற்றிக் கேள்வி. மீன்பிடிப் படகுகளுக்கு மண்ணெண்ணெய் பற்றிக் கேள்வி. கரைக்குத் தடுப்புச்சுவர் கட்டுவது பற்றிக் கேள்வி. ஏலக்காயோ தேயிலையோ மருந்துக்கும் இல்லை.

சராசரி அறிவுள்ள ஒருவன் இந்த இடத்தில் சந்தேகப்பட்டிருப்பான். நான் புல்லரித்துப் போனேன். கடலையே பார்க்காத தொகுதியில் ஜெயித்துவிட்டு கடலுக்காகப் போராடுகிறாரே, இதுவல்லவா தேசியப் பார்வை! அந்தக் குளிரில் தொட்டி மேல் உட்கார்ந்து ஒரு வரியும் எழுதினேன்: "மலையில் பிறந்து கடலுக்காகக் கலங்கிய கண்கள்."

அதோடு விட்டிருக்கலாம். மீன்பிடி மசோதா ஒன்றின் வாக்கெடுப்புப் பட்டியலும் கிடைத்தது. எதிர்த்து வாக்களித்தவர்களில் அவர் பெயர் இருந்தது. அதே நாளில் அவருடைய கட்சி மொத்தமாக வெளிநடப்பு செய்ததாகச் செய்தித்தாளில் படித்த ஞாபகம். இரண்டையும் கூட்டிப் பார்த்தேன். கட்சி முழுக்க வெளியே போயிருக்கிறது. இவர் ஒருவர் மட்டும் உள்ளே உட்கார்ந்து வாக்களித்திருக்கிறார்! எந்தப் பத்திரிகைக்காரனும் கண்டுபிடிக்காததை நான் கண்டுபிடித்துவிட்டேன்.

விழா பதினொரு மணிக்கு என்றார்கள். எம்.பி. வந்தபோது மணி மூன்று. காலையிலிருந்து இரண்டு கல்யாணம், ஒரு மரண வீடு, ஒரு பள்ளிக்கூட விழா முடித்து வந்திருந்தார். செருப்பெல்லாம் சேறு. உட்கார்ந்ததும் கண்ணை மூடித் திறந்தார், அவ்வளவுதான் ஓய்வு. பக்கத்தில் உதவியாளர் ஒரு ஃபைலோடு. மேடை முழுக்க அவருடைய கட்சிக்காரர்கள். உள்ளூர் சேனல்காரர் ஒருவர் செல்போனைத் தூக்கிப் பிடித்து நேரலை விட்டுக்கொண்டிருந்தார்.

நான் மைக்கைப் பிடித்தேன்.

கடல் அரிப்பில் ஆரம்பித்தேன். எம்.பி. உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் ஃபைலைப் பார்த்தார். ஃபைலில் ஒன்றும் அகப்படாததால் இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் கைதட்டலுக்காக நிறுத்தினேன், கூட்டம் தட்டியது. எம்.பி. லேசாகத் தலையாட்டினார். மண்ணெண்ணெய்க்கு இன்னும் கொஞ்சம் ஆட்டினார். கலங்கிய கண்களுக்குக் கையெடுத்துக் கும்பிட்டே விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நாள் முழுக்க யார் யாரோ மாலை போடுகிறார்கள், எதற்கென்று கேட்டுக்கொண்டா இருக்க முடியும்?

"இது மட்டுமல்ல!" என்று குரலை உயர்த்தினேன். "தன் சொந்தக் கட்சியே சபையை விட்டு வெளியேறிய நாளில், கட்சியின் கட்டளையை மீறி, தனி ஒருவனாக உள்ளே அமர்ந்து வாக்களித்த மாவீரன் இவர்!"

மேடையில் இருந்த கட்சிக்காரர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் எம்.பி.யின் பக்கம் திரும்பினார்கள். நேரலைக்காரர் இரண்டு எட்டு முன்னால் வந்தார். எம்.பி.யின் முகத்தில் ரத்தம் வற்றியது. நாற்காலி பின்னால் சாய, துள்ளி எழுந்தார்.

"அது ஞானல்ல! அது வேறே ஆளாணு!"

அது நான் இல்லை, அது வேறே ஆள். மலையாளம் தெரியாத குழந்தைக்கும் புரிந்திருக்கும், அப்படி ஒரு அலறல். உதவியாளர் ஓடி வந்து மைக்கைப் பிடுங்கி விளக்கினார். அதே பெயரில் இன்னொரு உறுப்பினர் இருக்கிறாராம். வேறு கட்சி, கடலோரத் தொகுதி. சார் அன்று கட்சியோடுதான் வெளியே போனார். அதில் எந்தச் சந்தேகமும் வேண்டாம்.

கூட்டத்தில் முதல் சிரிப்பு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. அப்புறம் அடங்கவே இல்லை. முன்வரிசையில் நின்ற ஒரு கிழவர், "அப்ப இம்புட்டு நேரம் மண்டைய மண்டைய ஆட்டினாரே, அது எதுக்கு?" என்று பக்கத்து ஆளிடம் கேட்டது மைக் வரைக்கும் கேட்டது. பால்சாமி அண்ணன் என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார். எம்.பி. மணிக்கட்டைப் பார்த்து, உதவியாளரிடம் ஏதோ சொன்னார். கிளம்பப் போகிறார் என்று புரிந்தது. மனு இன்னும் கொடுக்கப்படவே இல்லை. கையெழுத்துப் போட்ட பெண்கள் அத்தனை பேரும் என்னைப் பார்த்த பார்வையில், புதிய விளக்குக் கம்பத்தின் உச்சியில் ஏறி உட்கார்ந்துகொள்ளலாமா என்று தோன்றியது.

அப்போதுதான் அம்மா எழுந்தாள். கையில் மனு.

"சாரே, ஒரு சங்கதி. பய தெரியாம ஒளறிட்டான், மன்னிச்சிருங்க. கடலுக்குக் கேட்டது அவருன்னு தெரிஞ்சுபோச்சு. அப்ப நீங்க கேட்டது எது சாரே?"

அதில் கிண்டல் இல்லை. அம்மாவுக்குக் கிண்டல் வராது. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சிரிப்பு சட்டென்று நின்றது.

எம்.பி. உதவியாளரிடம் கை நீட்டினார். உதவியாளர் ஃபைலைப் புரட்டி ஒரு தாளைக் கொடுத்தார். ஏலக்காய் விலை, ரயில் பாதை, யானை வழித்தடம் என்று வாசித்தார். நல்ல கேள்விகள்தான்.

"எங்க லயத்துக்கு, சாரே? கூரைக்கு?"

அவர் தாளை மறுபடி பார்த்தார். திருப்பியும் பார்த்தார். இருக்கிறது என்று ஒரு பொய் சொல்லிவிட்டுக் காரில் ஏறியிருக்கலாம். சரிபார்க்க எங்களில் ஆள் இல்லை, இருந்த ஒருவனின் லட்சணம் இப்போதுதான் அம்பலமாகியிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"சோதிச்சில்லா சேச்சி. சோதிக்காம்."

கேட்கவில்லை அக்கா, கேட்கிறேன். மேடையிலிருந்து இறங்கி வந்து மனுவைத் தன் கையால் வாங்கிக்கொண்டார். விளக்கைப் போட்டார். பட்டப்பகலில் அது எரிந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை, எல்லோரும் தட்டினோம். போகிற போக்கில் என் தோளிலும் தட்டினார். நான் எதிர்பார்த்த அதே தட்டல்தான். ஆனால் கடிதம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அன்று வீட்டில் அம்மா திட்டவில்லை. கஞ்சி ஊற்றி வைத்துவிட்டு, "மூஞ்சியப் பாத்தியாலே?" என்று மட்டும் கேட்டாள். போட்டோ வரவில்லை என்றேன். "வார வரைக்கும் உக்காந்திருக்க வேண்டியதுதான?" என்றாள். இன்றைக்கும் எனக்குப் பெண் பார்த்தது முதல் என் மகளுக்குப் பள்ளிக்கூடம் பார்த்தது வரை, நான் எதையாவது ஆகா ஓகோ என்று சொன்னால் வீட்டில் யாராவது ஒருவர் "மூஞ்சியப் பாத்தியா?" என்று கேட்டுவிடுவார்கள்.

எம்.பி. சொன்னபடி கேட்டார். சில மாதம் கழித்து, சபையில் வைத்த கேள்வியும் அமைச்சரின் பதிலும் தபாலில் வந்தன. இரண்டு பக்கப் பதிலின் சாரம், அது மாநில அரசு பார்க்க வேண்டிய விஷயம் என்பது. அதற்கப்புறம் அதிகாரிகள் வந்தார்கள், அளந்தார்கள். சாய்ந்த சுவரைக் கட்டினார்கள், சில வீடுகளுக்குத் தகரம் மாற்றினார்கள். அந்தச் சில வீடுகளில் எங்கள் வீடு இல்லை. ஒழுகாமலிருக்க நாங்கள் கூரை மேல் போட்ட படுதா அப்படியே இருக்கிறது. அடுத்த தேர்தலில் அவர் நிற்கவில்லை.

இப்போது நான் டவுனில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். தேர்தல் வந்தால், எம்.பி. சபைக்கு எத்தனை நாள் போனார், என்ன கேட்டார் என்று எடுத்து, போட்டோவோடு அச்சடித்துக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பேன். போன தேர்தலுக்கு முன்னால் அம்மா கடைக்கு வந்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். முதலில் போட்டோவைப் பார்த்தாள். பிறகு, "வாசி" என்றாள்.

கேள்விகளை வாசித்தேன். "எதுக்கெல்லாம் ஓட்டுப் போட்டாரு?" என்றாள்.

அதில் பாதிக்கு மேல் தெரியாது என்றேன். பெரும்பாலான சட்டங்களுக்கு அங்கே பெயர் பெயராக வாக்கு எடுப்பதில்லை. ஒரு கூட்டம் ஆமாம் என்று சத்தம் போடும், ஒரு கூட்டம் இல்லை என்று சத்தம் போடும். எது பெரிய சத்தம் என்று சபாநாயகர் முடிவு சொல்லுவார். யாராவது வற்புறுத்திக் கேட்டால்தான் பெயர் பதிவாகும்.

அம்மா தன் கையை விரித்துப் பார்த்தாள். விரல் நுனிகளில் கொழுந்துக் கறை கறுத்திருந்தது.

"நாங்க எடுக்குற எலைக்கு ஒருத்தி ஒருத்தி பேருலயும் எடை எழுதுறாவளேடா" என்றாள்.

நான் தாளை மடிக்கப் போனேன்.

"சரி, எழுதியிருக்கறதையாவது வாசி" என்றாள்.