உல்லன் நூலில் பூத்த லில்லி

ஒருவனுக்கு அவார்டு கொடுப்பதைப் போல ஆபத்தான காரியம் வேறொன்றும் இல்லை. கொடுத்தவர்கள் கைதட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். வாங்கியவன் அந்தத் தெம்பில் வெளியே போய் என்னென்ன அட்டகாசம் செய்வான் என்று யாரும் யோசிப்பதில்லை. எனக்கு மட்டும் அந்த அவார்டு கிடைக்காமல் போயிருந்தால், ஒரு பாவமும் அறியாத நாலு தொட்டிகள் பிழைத்திருக்கும்.

அப்போது நான் மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். எங்கள் தொழிலில் 'ஃபைவ் எஸ்' என்று ஒரு வேதம் உண்டு. தேவையில்லாததைத் தூக்கிப் போடு, தேவையானதை வரிசையாக அடுக்கு, எல்லாவற்றையும் துடைத்துப் பளபளப்பாக வை என்று அது போகும். (மீதி இரண்டு எனக்கு இப்போது மறந்துவிட்டது. அப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பித்திருப்பேன்.) அந்த வருடம் என் பிரிவுக்குத்தான் முதல் பரிசு. மேடையில் சுவர்க் கடிகாரம் ஒன்றைக் கொடுத்து என் கையைக் குலுக்கினார்கள். அன்றிலிருந்து என் கண்ணுக்கு உலகமே ஒழுங்கில்லாமல் தெரிய ஆரம்பித்தது. குரோம்பேட்டையில் எங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியைக்கூட நான் விடவில்லை. அம்மா இரண்டு நாள் கடுகைத் தேடினார்.

இந்தச் சமயத்தில்தான் ஷீபாவின் அம்மா என்னை முதல்முதலாக நம்பினார்.

ஷீபாவும் நானும் ஒன்றாகப் படித்தவர்கள். கல்யாணம் செய்துகொள்வது என்று நாங்கள் முடிவு செய்து வெகுநாள் ஆகியிருந்தது. என் வீட்டில் சம்மதம். அவள் அம்மா எஸ்தர் ஆன்ட்டி மட்டும் பிடி கொடுக்கவில்லை. ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ். கிழக்குத் தாம்பரத்தில் தனி வீடு, வீட்டைச் சுற்றித் தோட்டம். ஏப்ரல் கடைசியில் அந்தத் தோட்டத்தைப் பார்க்க வேண்டுமே! கேட்டின் மேல் காகிதப்பூ சாய்ந்து கிடக்கும். சுவரோரம் இட்லிப்பூ கொத்துக் கொத்தாகச் சிவந்திருக்கும். மூன்று நிறத்தில் செம்பருத்தி, கை கொள்ளாத மல்லி, நடுவில் வெள்ளை வெளேரென்று நந்தியாவட்டை. கோடை வெயிலில் தெருவே வாடிக் கிடக்க, அவர் வீடு மட்டும் கல்யாண வீடு மாதிரி இருக்கும்.

ஆன்ட்டி பெங்களூரில் இருக்கும் மூத்த மகள் வீட்டுக்குப் பத்து நாள் போக வேண்டியிருந்தது. துணைக்கு ஷீபாவும் போகிறாள். தோட்டத்துக்கு யார் தண்ணீர் ஊற்றுவது?

"அந்தத் தம்பியை வரச்சொல்லு" என்றாராம் ஆன்ட்டி. "பத்து நாள் என் செடியைப் பாத்துக்கட்டும். அப்புறம் என் பொண்ணைப் பாத்துப்பானான்னு யோசிக்கலாம்."

சாவியைக் கையில் கொடுக்கும்போது அவர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "தண்ணி மட்டும் ஊத்து தம்பி. வேற ஒண்ணும் செய்யாத."

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி எப்படிச் சொல்ல முடியும்? ஆனால் எனக்கு அது, 'உன் திறமையைக் காட்டு' என்று காதில் விழுந்தது.

முதல் நாளே வேலையை ஆரம்பித்தேன். தொட்டிகள் கண்டபடி இருந்தன. உயரவாரியாக, ஒரே கோட்டில், சுண்ணாம்புக் கோடு போட்டு அடுக்கினேன். (நிழலில் இருந்தது வெயிலுக்கும் வெயிலில் இருந்தது நிழலுக்கும் போனது. வரிசை முக்கியமல்லவா?) இட்லிப்பூப் புதரை மேசை மாதிரி தட்டையாக வெட்டினேன். பூக்கள் எல்லாம் மேல் பக்கம்தான் இருந்தன என்பது, வெட்டி முடித்த பிறகு குப்பைக்கூடையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இலைகளை ஈரத்துணியால் துடைத்தேன். வாசற்படி பக்கத்தில் வெறும் மண்ணோடு நாலு காலித் தொட்டிகள் இருந்தன. தேவையில்லாதது. கவிழ்த்தேன். உள்ளிருந்து வெங்காயம் மாதிரி உருண்டை உருண்டையாக விழுந்தது. சமையலறைக் கழிவை உரத்துக்குப் போட்டிருக்கிறார் போல என்று நினைத்து, பாட்டுப் போட்டுக்கொண்டு வந்த குப்பை வண்டியில் கொட்டினேன். வண்டிக்காரருக்கு நன்றி வேறு சொன்னேன்.

ஐந்தாம் நாள் ஆன்ட்டி போன் செய்தார்.

"தம்பி, வாசப்படிகிட்ட நாலு தொட்டி இருக்குமே, முளை வந்துச்சா?"

"அது காலித் தொட்டியாச்சே ஆன்ட்டி?"

"காலின்னு யார் சொன்னா? உள்ள கிழங்கு தூங்குது. ஃபுட்பால் லில்லி. வருஷம் பூரா தூங்கிட்டு மே மாசம் ஒரே ஒருவாட்டி பூக்கும். செக்கச்செவேல்னு பந்து மாதிரி. அது பூத்ததும் சர்ச் லேடீஸ், நம்ம தெரு ஆளுங்க எல்லாரையும் கூப்ட்டு டீ குடுப்பேன். வருஷா வருஷம் செய்யறது. நான் வர்றதுக்குள்ள பூத்துடும். போட்டோ எடுத்து அனுப்பு, என்ன?"

"கண்டிப்பா ஆன்ட்டி" என்றது என் வாய்.

ஷீபாவுக்கு மட்டும் தனியாக போன் செய்து சொன்னேன். "ஒழுங்கா அம்மாகிட்ட உண்மையைச் சொல்லிடு. திட்டுவாங்க, அவ்ளோதான்" என்றாள். அறிவுள்ள யோசனை. அதனால் நான் அதைக் கேட்கவில்லை. வண்டலூர் வரைக்கும் சாலையோர நர்சரி ஒன்று விடாமல் ஏறி இறங்கினேன். எல்லோரும் ரோஜாவையும் செவ்வரளியையும் காட்டினார்கள். ஃபுட்பால் லில்லி மட்டும் ஓரிடத்திலும் இல்லை.

என்னோடு வேலை செய்யும் தினேஷிடம்தான் கடைசியில் போய் அழுதேன். அவன் கூகுளில் பூவின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"இன்னா மச்சான் இதுக்குப் போயி பேஜார் ஆய்க்கினு கீற? இது பூவா? உல்லன் குஞ்சம்! நாமளே செஞ்சிரலாம்."

பார்த்தால் உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. குரோம்பேட்டையில் சிவப்பு உல்லன் நூல் வாங்கினோம். அட்டையில் சுற்றி, நடுவில் இறுக்கிக் கட்டி, ஓரத்தை வெட்டிவிட்டதும் பந்து வந்துவிட்டது. நுனியில் மஞ்சள் தூள் தொட்டு மகரந்தம் வைத்தோம். தண்டுக்குப் பச்சை டியூப். நாலு தொட்டிக்கும் மறுபடி மண்ணை நிரப்பினோம்.

"ரெண்டு பூ போதும் மச்சான்" என்றான் தினேஷ். "மீதி ரெண்டு லேட்டா பூக்கும். அப்போதான் நம்புவாங்க." தொழிற்சாலையில் இவன் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தான் என்பதை வருத்தத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

கொஞ்சம் தள்ளி நின்று, கொஞ்சம் மங்கலாக ஒரு போட்டோ எடுத்து அனுப்பினேன். உடனே பதில் வந்தது. "ஸ்தோத்திரம்! உன் கை ராசியான கை தம்பி." கூடவே பத்துப் பதினைந்து கும்பிடுகிற கைகள். எனக்கே ஒரு நிமிடம் பெருமையாக இருந்தது, அதுதான் வெட்கக்கேடு. ஆன்ட்டி ஊருக்கு வந்ததும் தனியாக உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று திட்டம் போட்டேன்.

ஆனால் அவர் சந்தோஷத்தில் ஒரு நாள் முன்னதாகவே கிளம்பிவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் டாக்ஸி வந்து நின்றது. ஆன்ட்டி இறங்கினார், ஷீபா இறங்கினாள். வழியிலேயே எல்லோருக்கும் செய்தி அனுப்பியிருப்பார் போல. பின்னாலேயே சர்ச் லேடீஸ் ஒரு கூட்டம் வந்து இறங்கியது. எதிர் வீட்டுக் கமலா மாமி காபி டம்ளரோடு சாலையைக் கடந்து வந்துகொண்டிருந்தார். ஆன்ட்டிக்கும் மாமிக்கும் பூ விஷயத்தில் வெகுகாலமாக ஆகாது.

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "கிட்ட போகாதீங்க! மருந்து அடிச்சிருக்கேன்!"

"பூத்த செடிக்கு யாராச்சும் மருந்து அடிப்பாங்களா?" என்றார் ஆன்ட்டி. ஆனாலும் எல்லோரும் நான்கடி தள்ளியே நின்றார்கள். மாலை வெயிலில் என் பூக்கள், நானே சொல்லக்கூடாது, அருமையாக இருந்தன. ஒரு அம்மா செல்ஃபி எடுத்தார். ஷீபா என்னைப் பார்க்காமல் காம்பவுண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அந்த அணில் வந்தது.

கூடு கட்டுகிற அணில். சுவரிலிருந்து இறங்கி நேராகத் தொட்டிக்குப் போய், பூவை இரண்டு கையாலும் பிடித்து மோந்து பார்த்தது. அதற்குப் பிடித்துவிட்டது. ஒரு கொத்து நூலை வாயில் கவ்விக்கொண்டு ஓடியது. திரும்ப வந்தது. இன்னொரு கொத்து. மூன்றாவது தடவை நடுவில் கட்டியிருந்த முடிச்சையே பிடித்து இழுத்தது. பூ பொலபொலவென்று மொத்தமாக உதிர்ந்து, பச்சை டியூப் மட்டும் நட்டுக்கொண்டு நின்றது.

"ஏன்டி எஸ்தர்" என்றார் கமலா மாமி நிதானமாக, "உன் பூவை அணில் உரிச்சுண்டு போறதே! யாருடி இந்தப் பையன், நம்ம எல்லாரையும் இப்படி முட்டாளாக்கிட்டான்?"

ஆன்ட்டி குனிந்து ஒரு நூலை எடுத்துப் பார்த்தார். பிறகு தட்டையாக வெட்டிய இட்லிப்பூவை, சுண்ணாம்புக் கோட்டை, கடைசியில் என்னைப் பார்த்தார். அத்தனை வருடம் பிள்ளைகளை நடுங்க வைத்த பார்வை. என் கல்யாணம் அந்த நிமிடமே முடிந்துவிட்டது என்று நினைத்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "நான்தான் ஆன்ட்டி, காலித் தொட்டின்னு நினைச்சுக் கவுத்துட்டேன்" என்று ஆரம்பித்தேன்.

மாமி சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் என்னைக் காப்பாற்றியது.

ஆன்ட்டியின் முகம் சட்டென்று மாறியது. மாமி பக்கம் திரும்பி நிமிர்ந்து நின்றார். "பையன் கியன்னு பேசாதீங்க மாமி. இவர் எங்க வீட்டு மாப்பிள்ளை. நான் ஆசையாப் பாக்கணும்னு கையாலயே பூ செஞ்சு வெச்சிருக்கார். உங்க வீட்டு மாப்பிள்ளை உங்களுக்கு என்ன செஞ்சார்?"

மாமியின் காபி டம்ளர் அந்தரத்திலேயே நின்றது. ஷீபா முதல்முறையாக என்னைப் பார்த்தாள். தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது ஆன்ட்டிக்கே அப்போதுதான் உறைத்தது போலிருந்தது. ஆனால் ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்ன சொல்லை வாபஸ் வாங்குகிற வழக்கம் கிடையாது.

எல்லோரும் டீ குடித்துவிட்டுப் போன பிறகு என்னைக் கூடத்தில் உட்கார வைத்து முக்கால் மணி நேரம் திட்டினார். திட்டி முடித்து, "சொன்னா சொன்னதுதான். கல்யாணம் உண்டு. ஆனா இந்தத் தோட்டத்துல ஒரு இலையைத் தொட்டாலும் கையை ஒடிப்பேன்" என்றார். அந்தச் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. அங்கே போனால் எனக்கு என்று ஒரு நாற்காலி. எழுந்தால் வீடே எழுந்து நிற்கும்.

எங்கள் கல்யாணத்தன்று மேடை ஏறிய ஒருவர்கூட, என் கோட்டில் குத்தியிருந்த ரோஜாவை ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்காமல் கை குலுக்கவில்லை. போட்டோ எடுக்கும்போது காம்பு மட்டும்தான் மிச்சம்.

இப்போது எங்கள் மகளுக்கு நான்கு வயது. இந்தக் கதையைச் சொல்லித்தான் அவள் பாட்டி அவளுக்குச் சோறு ஊட்டுகிறார். போன ஞாயிறு சர்ச்சில் ஜெபம் நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். முன்வரிசையிலிருந்து நழுவிப் போனவள், பீடத்தில் வைத்திருந்த லில்லிக் கொத்தில் ஒன்றைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, சபை முழுக்கக் கேட்கும்படி அறிவித்தாள்.

"பாட்டி, இது அப்பா செஞ்சது இல்ல! நிஜப் பூ!"

'ஆமென்' என்றார் எஸ்தர் ஆன்ட்டி, எல்லோருக்கும் முன்னால்.