சுயம்புவும் ஒரு நத்தையும்

“‘என் வீட்டைப் பார்த்தீர்களா?’ என்று நத்தை தவளையிடம் கேட்டது” என்பது வரை எழுத்தாளர் நன்றாகத்தான் வாசித்துக்கொண்டிருந்தார். தவளை கன்னத்தை உப்பிக்கொண்டு பதில் சொல்ல வாயைத் திறந்த இடத்தில் அவர் வாய் மூடிக்கொண்டது.

“அப்பா, படிங்க.”

“தொண்டை கட்டிக்கிச்சும்மா.”

“தவளை என்ன சொல்லும்னு எனக்கே தெரியுமே. ‘பார்த்தேனே! எங்கேன்னுதான் மறந்துபோச்சே!’ லீவுல அத்தை தினமும் படிச்சுக் காட்டினாங்க.”

தவளை என்ன சொல்லும் என்பது எழுத்தாளருக்கும் தெரியும். அதே பதிலைத்தான் தன் நாவலில், கன்னம் உப்பிய ஒரு வீட்டுத் தரகர் சொல்வதாக எழுதியிருந்தார். தவளையை மட்டும் மாற்றியிருந்தார். அதுவும் பெரிதாக இல்லை.

அந்த நாவலின் பெயர் ‘கதவு எண் இல்லாத மனிதன்’. தலையணை பருமன். ஓய்வு பெற்ற நில அளவையாளர் ஒருவர் தன் வீடு எது என்று தெரியாமல் தெருத்தெருவாக அலைந்து, எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் “என் வீட்டைப் பார்த்தீர்களா?” என்று கேட்கிறார். முதல் பக்கத்தில் வரும் அந்தக் கேள்வியை ‘ஒரு யுகத்தின் ஓலம்’ என்று மதிப்புரைக்காரர்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். அத்தனை மதிப்புரைகளும் அந்த ஒரு வரியைத்தான் மேற்கோள் காட்டின. அவ்வளவு கனமான வரி என்று எழுத்தாளரும் பூரித்துப்போனார்.

இந்த ஆண்டின் சிறந்த நாவலுக்கான பரிசு அதற்குத்தான். விழாவுக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. பத்திரிகைக்காரர்கள் வீடு தேடி வந்து, “சின்ன வயசுல எந்தப் புத்தகம் சார் உங்களைப் பாதிச்சது?” என்று கேட்டபோது எழுத்தாளர் கண்ணாடியைக் கழற்றி, ஜன்னலுக்கு வெளியே பார்த்து, “எதுவுமில்லை. நான் சுயம்பு” என்று சொல்லியிருந்தார். அதைத் தலைப்பாகவே போட்டிருந்தார்கள். வெட்டி, சட்டம் போட்டு, வரவேற்பறையில் மாட்டியும் ஆயிற்று.

இப்போது நத்தைப் புத்தகத்தைத் தன் அறைக்கு எடுத்துப்போய் மீதியைப் புரட்டினார். அடுத்து எறும்பு வந்தது. நாவலில் அது ஓயாமல் கோப்பு தூக்கும் ஒரு குமாஸ்தா அம்மாள். ஆந்தை வந்தது. நாவலில் கண்ணாடி போட்ட காவலாளி. கடைசிப் பக்கத்தில் மழைத் தண்ணீரில் தன் நிழலைப் பார்க்கும் நத்தை, வீடு தன் முதுகிலேயே இருப்பதைக் கண்டுபிடிக்கிறது. நாவலின் கடைசிப் பக்கத்திலும் மழை பெய்திருந்தது. வர்ணம் பூசுவதற்காகத் தானே கழற்றிய கதவு எண் பலகை தன் முதுகுப் பையிலேயே நீட்டிக்கொண்டிருப்பதை நில அளவையாளர் தெருவில் தேங்கிய தண்ணீரில்தான் பார்க்கிறார். ஏழு வருடம் தவம் கிடந்து எழுதிய காட்சி.

உள்ளட்டையில் கோணல் எழுத்தில் ‘இது என் நத்தை. யாரும் தொடாதே’ என்று எழுதி, நத்தைக்கு ஊதா வர்ணம் தீட்டியிருந்தது. அவருடைய சின்ன வயதுக் கையெழுத்துதான். அதைப் பார்த்ததும் எழுத்தாளருக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. அது சந்தோஷம்தான். உடனே பயம் வந்து அதைத் தள்ளிவிட்டது.

அக்காவுக்குப் போன் போட்டார்.

“அந்த நத்தைப் புத்தகத்தை எதுக்குக் குழந்தைகிட்ட கொடுத்து அனுப்பினே?”

“பரண்ல கிடந்துச்சுடா. அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத்தானே நீ தூங்குவே? ஜுரம் வந்தப்பகூட மருந்து வேணாம், நத்தைதான் வேணும்னு அழுதியே!”

“அதெல்லாம் யார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காதே. என் நாவலைப் படிச்சியா?”

“ஷோகேஸ்ல நட்டநடுவுல வச்சிருக்கேன். வர்றவங்க எல்லாம் என்ன புத்தகம்னு கேக்கறாங்க.”

அக்கா எதையும் கண்டுபிடிக்கவில்லை. அவளுக்கு இலக்கிய நுட்பம் போதாது. ஆனால் ஊரில் எல்லாரும் அக்காவாக இருந்துவிட மாட்டார்களே! எவனாவது ஒருவன் இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால், பரிசும் போச்சு, சுயம்புவும் போச்சு.

புத்தகத்தைத் துணி அலமாரிக்கு மேலே, பழைய பெட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். நத்தை வெளியூர் போயிருப்பதாக மகளிடம் சொன்னார். நத்தை வெளியூர் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும் என்பது ஆறு வயதுக் குழந்தைக்கும் தெரியும். அவள் வீடே இடிந்து விழுகிற மாதிரி அழுதாள்.

மனைவி ஈரக்கையோடு வந்து நின்றாள். “ஒரு புத்தகத்துக்கு இவ்வளவு அழ விடணுமா? போய் வேற ஒண்ணு வாங்கிட்டு வாங்களேன்.”

“அந்தக் காலத்துப் புத்தகம். இப்ப எங்கே கிடைக்கும்?”

“முக்குக் கடையில கண்ணாடிக்குப் பின்னாடியே வச்சிருக்காங்க.”

எழுத்தாளர் கிட்டே வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அந்தக் கதையைக் கேட்டா உனக்கு வேற ஏதாவது ஞாபகம் வருதா?” என்றார்.

“வருது. அடுப்புல பால் இருக்கறது.” அவள் ஓடினாள்.

நாவலைப் படித்துவிட்டு அழுதேன் என்று சொன்னவள் அவள். அப்படிப்பட்டவளுக்கா இது புரிந்திருக்காது? புரிந்தும், கணவனின் மானத்துக்காக வாயைத் திறக்காமல் இருக்கிறாள். எழுத்தாளர் சமையலறைப் பக்கம் நன்றியோடு பார்த்தார்.

முக்குக் கடையில் இருந்த நத்தைகள் எல்லாவற்றையும் எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“எல்லாமேவா சார்?” என்றார் கடைக்காரர்.

“பிறந்தநாளுக்கு. வர்ற குழந்தைங்களுக்குக் கொடுக்கணும்.”

“என்னிக்கு சார் பிறந்தநாள்?”

“அது… நடந்துக்கிட்டே இருக்கு.”

வீட்டுக்கு வந்து, கடையில் தீர்ந்துவிட்டதாக மகளிடம் சொன்னார். பொய்யில்லை. மூட்டையைப் பரணில் ஏற்றினார். இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினார். மூன்றாம் நாள் அந்தப் பக்கமாகப் போனால், கண்ணாடிக்குப் பின்னால் போன தடவையைவிடப் பெரிய அடுக்கு. கடைக்காரர் வாசலுக்கே வந்து கையைக் கூப்பினார்.

“உங்களை நம்பித்தான் சார் கூடுதலா வரவழைச்சேன். பிறந்தநாள் முடிஞ்சிடலையே?”

விட முடியுமா? அதையும் வாங்கினார். பஸ் நிலையத்துக் கடைக்குப் போனார், பள்ளிக்கூடத்துக்கு எதிர்க்கடைக்குப் போனார். எங்கே வாங்கினாலும் அடுத்த வாரமே அங்கே இரண்டு மடங்கு முளைத்தது. பரண் நிரம்பி, கட்டிலுக்கு அடியில் நிரம்பி, கடைசியில் அவருடைய மேஜைக்கு அடியிலும் நத்தைகள் குடியேறின. காலை நீட்டி உட்கார இடமில்லாமல் எழுத்தாளர் தன் ஏற்புரையைக் குறுகி உட்கார்ந்து எழுதினார்.

அப்போதுதான் பதிப்பாளர் போன் செய்தார். அவருடைய நாவலைப் போட்ட அதே பதிப்பாளர்தான். நொடித்துப்போன ஒரு பழைய குழந்தைப் புத்தகக் கம்பெனியையும் அவர் எப்போதோ வாங்கிப் போட்டிருந்தார்.

“சார், ஒரு அதிசயம் கேளுங்க! கோடவுன்ல நத்தைக் கதை ஒண்ணு தூங்கிக்கிட்டு இருந்துச்சு. இத்தனை வருஷமா அதைக் கரையான் மட்டும்தான் ஆர்வமாப் படிச்சிக்கிட்டு இருந்துச்சு. இப்ப என்னடான்னா ஊர் பூரா பறக்குது! ஒரு பிரதி பாக்கியில்ல. கெட்டி அட்டை போட்டு, பெரிய அளவுல மறுபடி அடிக்கப்போறேன்.”

எழுத்தாளர் பதறினார். “வேணாம் சார். அது குழந்தைங்களுக்கு ஆகாத கதை. வீடு காணாமப் போயிடும்கிற பயத்தைப் பிஞ்சு மனசுல விதைக்குது.”

“அதான் கடைசியில கிடைச்சிடுதே!”

“அந்தக் கடைசியைத்தான் சொல்றேன். அதையாவது மாத்திடுங்க. வீடு கிடைக்காமலே போகட்டும். யதார்த்தமா இருக்கும்.”

பதிப்பாளர் குரலை உயர்த்தினார்.

“சார், என்ன பேசறீங்க? நான் அஞ்சு வயசுல படிச்சது. அந்த முடிவுல கை வச்சா முதல்ல நானே என்னை மன்னிக்க மாட்டேன்.” பிறகு குரலில் குறும்பு வந்தது. “நீங்க ஏன் இவ்வளவு தூரம் மெனக்கெடறீங்கன்னு எனக்குத் தெரியும். கடைக்காரங்க எல்லாரும் சொல்லிட்டாங்க.”

“என்ன… என்ன சொன்னாங்க?”

“மூட்டை மூட்டையா வாங்கினது நீங்கதானாமே! சொல்லவே இல்லையே சார், நீங்க நத்தை ரசிகர்னு! அட்டையைச் சுத்தி சிவப்புப் பட்டை போடப்போறோம். ‘சுயம்பு எழுத்தாளரை உருவாக்கிய நத்தை!’ எப்படி? உங்க பரிசு மேடையிலேயே வெளியிடறோம். நடுவர் தலைவர்கிட்ட கேட்டேன், குதிக்காத குறையா ஒத்துக்கிட்டார்.”

கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்பார்கள். எழுத்தாளர் இத்தனை நாளாக அந்தப் பூதத்துக்குத் தன் கைக்காசில் தீனி போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

விழா அரங்கு நிரம்பி வழிந்தது. வாசலில் ஒரு மேஜையில் நாவலும் பக்கத்து மேஜையில் நத்தையும் வைத்திருந்தார்கள். நத்தை மேஜையில் வரிசை படிவரைக்கும் நின்றது. நாவல் மேஜையில் ஒருவர் கைப்பையை வைத்துவிட்டு நத்தை வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

முன்வரிசையில் மனைவியும் அக்காவும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மகள், அலமாரியின் மேலிருந்து அவளே நாற்காலி போட்டு எடுத்துவிட்ட ஊதா நத்தையைக் கட்டிக்கொண்டு.

நடுவர் தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். பேராசிரியர். கேள்வி கேட்டே மாணவர்களைக் கண்ணீர் விடவைத்தவர் என்று பெயர்.

“இந்த நாவலைப் பற்றி நான் என்ன சொல்வது!” என்று தொடங்கினார். உண்மையாகவே யோசிப்பதுபோலக் கொஞ்சம் நிறுத்தினார். “சொற்களுக்கு அப்பாற்பட்டது. ‘என் வீட்டைப் பார்த்தீர்களா?’ ஆஹா! ஒரு யுகத்தின் ஓலம்.” கைதட்டல் எழுந்தது. “அது நிற்க. நத்தைக்கு வருவோம்.”

வந்தவர் திரும்பிப் போகவே இல்லை. தவளை மாதிரி கன்னத்தை உப்பிக் காட்டினார். எறும்பு மாதிரி மேடையில் குறுக்கும் நெடுக்கும் ஓடினார். அவர் “என் வீட்டைப் பார்த்தீர்களா?” என்று கேட்கக் கேட்க, வழுக்கைத் தலைகளும் நரைத்த கொண்டைகளும் ஒரே குரலில், “பார்த்தேனே! எங்கேன்னுதான் மறந்துபோச்சே!” என்று கத்தின. கடைசி மழையை அவர் சொன்னபோது பதிப்பாளர் மூக்கை உறிஞ்சினார். அரங்கமே கண்ணைத் துடைத்துக்கொண்டது.

எழுத்தாளர் விரல் விட்டு எண்ணினார். அதே கேள்வி, அதே பதில், அதே மழை. இத்தனை பேரில் ஒருவருக்குமா பொறி தட்டாது? இதோ இப்போது ஒருவன் எழுந்திருப்பான், “திருடன்!” என்பான். முழுப் பூசணிக்காயை இனிமேலும் சோற்றில் மறைக்க முடியாது. எவனோ தள்ளிவிட்டு விழுவதைவிடத் தானே குதித்துவிடலாம் என்று முடிவு செய்தார்.

அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். குறுகி உட்கார்ந்து எழுதிய ஏற்புரையைப் பையிலேயே விட்டுவிட்டு எழுந்தார்.

“நான் சுயம்பு இல்லை” என்றார். “படிக்கத் தெரிஞ்ச நாள்லேர்ந்து நான் உசுரா நேசிச்ச புத்தகம் இந்த நத்தை ஒண்ணுதான். பெரியவனானதும் அதைச் சொல்ல வெட்கமா இருந்துச்சு. மறந்தே போயிட்டேன். ஆனா அது என்னை மறக்கல. ஏழு வருஷம் உட்கார்ந்து நானா யோசிச்சு எழுதறதா நினைச்சுக்கிட்டு இதையேதான் எழுதியிருக்கேன். தரகர்தான் தவளை. குமாஸ்தா அம்மாதான் எறும்பு. காவலாளிதான் ஆந்தை. இங்கே நத்தைக்கு வீடு முதுகுல இருக்கு. அங்கே என் கதாநாயகனுக்கு வீட்டு நம்பர் முதுகுப் பையில இருக்கு. ரெண்டுலயும் கடைசியில மழைத்தண்ணியிலதான் பார்க்கறாங்க. நீங்க எல்லாரும் கண்டுபிடிச்சிருப்பீங்க. பெருந்தன்மையா சொல்லாம இருக்கீங்க. இந்தப் பரிசுக்கு எனக்கு அருகதை இல்லை.”

மனைவி அக்காவைப் பார்த்தாள். அக்கா பதிப்பாளரைப் பார்த்தாள். பதிப்பாளர் தன் செருப்பைப் பார்த்தார். மகள் மட்டும் ஊதா நத்தையைத் தலைக்கு மேலே தூக்கி அப்பாவுக்குக் காட்டினாள். எழுத்தாளர் தலையைக் குனிந்துகொண்டு, இடி எங்கிருந்து விழும் என்று காத்திருந்தார்.

நடுவர் தலைவர் மெல்லத் தன் நாற்காலியை நகர்த்திக்கொண்டு அவர் பக்கம் சாய்ந்தார். முகத்தில் கோபம் இல்லை. சின்னப் பிள்ளை மாதிரி ஒரு ஆவல்தான் இருந்தது. ஒலிபெருக்கி அணைக்கப்படவில்லை என்பது அவருக்குத் தெரியாது.

“அட! அப்ப அந்த ஆளுக்குக் கடைசியில வீடு கிடைச்சிடுதா?”