பால்கெண்டைக்குப் பக்கத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க்

கம்ப்யூட்டர் கெட்டுப்போனால் கடைக்குக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். தூக்கிக் கடாசிவிட்டு வேறு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, சௌக்கியமாக இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது இன்னொரு இனம்: ‘யாரும் தொடாதீங்க, நானே பாத்துக்கிறேன்’ இனம். பிலிப்பைன்ஸில் எங்கள் இலோஇலோ ஊரில் தெருவுக்கு நாலு பேராவது இருக்கிறோம். ‘இருக்கிறோம்’ என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். மறைத்து என்ன ஆகப்போகிறது?

எங்களை அடையாளம் காண்பது சுலபம். செத்த கம்ப்யூட்டர் கூடத்திலேயே இருக்கும். அதன்மேல் பின்னல் துணி, துணிமேல் குழந்தை இயேசு, அவருக்கு இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் ரோஜா, முன்னால் ஒரு மெழுகுவர்த்தி என்று அலங்காரம் வளர்ந்துகொண்டே போய், வருகிற விருந்தாளி அதைப் பார்த்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்ளும் அளவுக்கு வந்திருக்கும். பிஸ்கட் டப்பா நிறையத் திருகாணிகள். கழற்றும்போது பதினான்கு, மாட்டும்போது பதினொன்று. மிச்சம் மூன்று எதற்கு என்று கேட்டால், “அது சும்மா அழகுக்கு வெச்சிருக்கான்” என்போம்.

என் கதை ஜூன் மாதம் தொடங்கியது. என் மனைவி நேனிடா ஹாங்காங்கில் ஒன்பது வருஷம் ஊரார் பிள்ளைகளை வளர்த்துவிட்டு, அந்த மாதம்தான் ஒரேயடியாக வீடு திரும்பினாள். எங்கள் மகள் மரிசெல்லுக்குப் பால் பல் விழுந்தது, முதல் நற்கருணை, பள்ளிக்கூடத்தில் பாடி நடுவில் மறந்துபோய் அழுதது எல்லாவற்றையும் நான்தான் படம் பிடித்து அந்தக் கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருந்தேன். சின்ன போனில் அவள் பார்த்தது கொஞ்சம். மீதியை வந்து உட்கார்ந்து ஆற அமரப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள்.

“பூலோங், இன்னொரு எடத்துலயும் ஒரு காப்பி போட்டு வெச்சுடு” என்று ஞாயிறுதோறும் போனில் என்னிடம் சொல்வாள்.

“நாளைக்குப் பண்றேன்.”

ஒன்பது வருஷத்தில் எத்தனை நாளை வரும்? எனக்குக் கணக்கு வராது.

வந்த மறுநாள் காலை, காப்பிக் கோப்பையோடு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் உட்கார, நான் பொத்தானை அழுத்த, உள்ளேயிருந்து ‘டக்... டக்...’ என்று சத்தம். திரை கறுப்பு.

“டவுன்ல இதுக்குன்னே கடை இருக்கே. குடுத்துடு.”

“கடைக்காரனுக்கு என்ன தெரியும்?”

“உனக்கு என்ன தெரியும்?”

எங்கள் இனம் இன்றுவரை பதில் சொல்லாத கேள்வி அது.

நான் வைத்தியத்தில் இறங்கினேன். செருப்பால் மெதுவாகத் தட்டினேன். நெல்லோடு சேர்த்து வெயிலில் காய வைத்தேன். ‘சும்மா பாக்கத்தான்’ என்று ஹார்ட் டிஸ்க்கின் மூடியையே கழற்றி, உள்ளே பளபளவென்றிருந்த தகட்டைப் பார்த்து, “எல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்று சான்றிதழ் கொடுத்து மூடினேன். நாலு மாதம் கழித்து முடிவெட்டும் கடையில் ஒருவர் சொன்னார்: செபுவில் அவர் மச்சானுக்குத் தெரிந்த ஒருவர் ஹார்ட் டிஸ்க்கை ஃப்ரீசரில் வைத்தாராம், எழுந்து உட்கார்ந்ததாம். எங்களுக்கு இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

எங்கள் தெருப் புனிதரின் திருவிழாவுக்கு முந்தின நாள் அது. ஃப்ரீசர் முழுக்கப் பால்கெண்டை. ஈரம் படக்கூடாதென்று ஹார்ட் டிஸ்க்கை இரண்டு பிளாஸ்டிக் பையில் போட்டு, செய்தித்தாளில் சுற்றி, நூல் கட்டி மீன்களுக்கு நடுவே வைத்தேன். மீனையும் நாங்கள் அப்படித்தான் கட்டுவோம். இது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

மறுநாள் பக்கத்து வீட்டு டிரினிங் வந்தாள். “நேனிங், ரெண்டு ஜீப் நிறைய ஆளுங்க வந்து இறங்கிட்டாங்கடி. ஒரு மீன் இருந்தாக் குடு.” திருவிழா அன்று யாரையாவது வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? நேனிடா கையில் கிடைத்த பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். டிரினிங் அதை அப்படியே தண்ணீரில் போட்டு ஊற வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போனாள். அரைமணி கழித்து வேலிக்கு அப்பாலிருந்து கத்தல்.

“ஏண்டி நேனிங்! ஒன் மீனுக்குக் கண்ணும் இல்ல, செதிலும் இல்ல!”

நான் ஓடினேன். “நல்லவேளை, வினிகர் ஊத்துறதுக்குள்ள பாத்தேன்” என்றாள் டிரினிங். வந்திருந்த விருந்தாளிகள் எல்லோரும் சிரித்தார்கள். நேனிடாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

“பூலோங்... அதுக்குள்ளதானே மரிசெல் இருக்கா?”

திருவிழா முடிந்ததும் கடைக்குப் போனோம். அங்கிருந்த பெண் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

“சத்தம் வந்த அன்னைக்கே அணைச்சிட்டுக் கொண்டுவந்திருந்தா அநேகமா எடுத்திருக்கலாம், சார். தண்ணி கூட ரெண்டாவதுதான். உள்ள தகட்டுமேல கைரேகை இருக்கு. யாரு தொறந்தது?”

நான் கூரையைப் பார்த்தேன். நேனிடா என் கட்டைவிரலைப் பார்த்தாள்.

இப்போதெல்லாம் சாயங்காலம் அவள் கேட்கிறாள்: “மொதப் பல்லு விழுந்தப்போ அவ அழுதாளா, சிரிச்சாளா?” எனக்குத் தெரியவில்லை. நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

என்னை விடுங்கள். உங்கள் அலமாரியின்மேல் துணி போட்டு மூடி வைத்திருக்கிறீர்களே, அது என்ன? ஓ, அது பழையதா? புதியது நன்றாக ஓடுகிறதா? என்னுடையதும் ஜூன்வரை நன்றாகத்தான் ஓடியது. காப்பி போட்டு வைத்திருக்கிறீர்களா? நாளைக்கா? வாருங்கள், வாருங்கள், நம்ம ஆள்தான் நீங்கள். வரும்போது மறக்காமல் ஸ்க்ரூ டிரைவர் ஒன்று கொண்டுவாருங்கள். என்னுடையதை நேனிடா எங்கேயோ ஒளித்துவிட்டாள்.