நிமிடத்துக்கு இருபது குமிழி

மாப்பிள்ளைக்கு,

அத்தை எழுதுவது. இவ்விடம் என் இரத்த அழுத்தம் அளவோடு இருக்கிறது. உங்கள் மனைவி, தான் நன்றாக இருப்பதாக யாரும் கேட்காமலேயே நாளைக்கு நான்கு முறை அறிவிக்கிறாள். நண்பரின் அறையில் நீங்களும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குவீர்கள் என்று நம்புகிறேன். மரியாதைகள் முடிந்தன. வரும் ஞாயிறு மாலைக்குள் உங்கள் மீன்தொட்டியை, அதன் செடிகள், பதினோரு மீன்கள், குழாய்கள், சர்க்கரைத் தண்ணீர்ப் புட்டி சகிதம் இவ்வீட்டிலிருந்து எடுத்துச்செல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். இது என் மகளின் முடிவு. எழுதுவது மட்டுமே என் வேலை. ஏனெனில் நீங்கள் இருவரும் பேசி ஏழு வாரமாகிறது, இந்தக் குடும்பத்தில் வாய் திறக்கத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான்.

நான் முப்பத்துநான்கு ஆண்டுகள் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவள். மகளுக்குத் துணையாக இருக்கலாம் என்று பெட்டியோடு வந்திறங்கிய அன்றே உங்கள் செடிகள் வெளிறிப்போய் நிற்பதைக் கண்டேன். செடிக்குக் கரியமில வாயு வேண்டும், ஈஸ்டையும் சர்க்கரையையும் தண்ணீரில் கலந்து புட்டியில் அடைத்தால் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று அந்த வாயுவை விடும், அது குழாய்வழியே தொட்டிக்குள் குமிழியாக வரும் என்பதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொட்டியின் பக்கவாட்டில் நீங்கள் ஒட்டிவைத்த சீட்டில் ‘சர்க்கரை ஒரு கோப்பை, ஈஸ்ட் கால் கரண்டி, நிமிடத்துக்கு இருபது குமிழி’ என்றிருந்தது. லிஃப்ட் பழுதுபார்க்கும் மாப்பிள்ளை எழுதிவைத்த அளவை ஒரு பேராசிரியை ஏன் மதிக்க வேண்டும் என்று மூன்று கோப்பையும் ஒரு முழுக் கரண்டியும் போட்டேன். வெதுவெதுப்பாக இருந்தால் விரைவில் வேலைசெய்யும் என்று புட்டியை ஃபிரிட்ஜுக்குப் பின்னால், மோட்டார் சுடுகிற இடத்தில் நிறுத்தினேன். விரைவாகத்தான் வேலைசெய்தது. நான் மதியம் கண்ணயர்ந்து எழுவதற்குள் நுரை பொங்கி, குழாய்க்குள் ஏறி, ஊர்வலமாகப் போய்த் தொட்டியில் இறங்கியிருந்தது. மீன்கள் பாலுக்குள் வழி தேடிக்கொண்டிருந்தன. தண்ணீரை மாற்றுகிறேன் பேர்வழி என்று வாளியைத் தூக்கியதில் பாதி தொட்டிக்கும் பாதி தரைக்கும் போனது. தரைக்குப் போனது கீழ்வீட்டுக் கூரையில் சொட்ட, கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்து, “மேல என்னங்க, பேக்கரி ஏதாவது ஆரம்பிச்சிருக்கீங்களா?” என்று மோப்பம் பிடித்தார். “ஆராய்ச்சி” என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

அதன்பிறகு உங்கள் அளவுக்கே இறங்கிவந்தேன். செடிகள் பச்சை பிடித்தன. நான்கு நாள் நல்லபடியாகப் போயிற்று. ஐந்தாம் நாள் விடியற்காலை மகளின் கூச்சல். “அம்மா! எல்லாம் மேல வந்து வாயைப் பொளந்துகிட்டு நிக்குதுங்க! என் பேஷன்ட்டுங்ககூட இவ்வளவு அழகாத் திறக்க மாட்டாங்க!” பல் மருத்துவர் வேறெப்படிச் சொல்வாள்? இருட்டில் செடிகளும் மூச்சு வாங்கிக் கரியமில வாயுவைத்தான் விடும், ஆகவே விளக்கு அணைந்ததும் குழாயை வெளியே எடுத்துவிட வேண்டும் என்பதை நான் மறந்துபோயிருந்தேன். இதையே ஆண்டுதோறும் இரண்டு மதிப்பெண் கேள்வியாகக் கேட்டு, எழுதாத பிள்ளைகளுக்கு முட்டை போட்டவள் நான். அந்தத் தொட்டியை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்றிருந்த உங்கள் மனைவியோ, கிளினிக்குக்கு நேரமாவதையும் பாராமல், டம்ளரால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக் காற்றைக் கலந்துகொண்டே இருந்தாள். பதினொன்றும் பிழைத்தன. “செத்துப்போனா அந்த மனுஷன் என்னைத்தான் சொல்வார், அதுக்காகத்தான்” என்றாள்.

அன்றிலிருந்து ஒழுங்காகக் குமிழி எண்ணத் தொடங்கினேன். கடிகாரத்தில் ஒரு கண், குமிழியில் ஒரு கண். இமைத்தால் கணக்குத் தப்பும். நேற்று மாலை பதினேழு, பதினெட்டு என்று போய்க்கொண்டிருக்கையில் முதுகுக்குப் பின்னால் மகள் ஏதோ கேட்டாள். திரும்பாமலேயே கையைத் தூக்கி “ஒரு நிமிஷம்” என்றேன். எண்ணி முடித்துத் திரும்பினால், கைப்பையைக்கூட இறக்கிவைக்காமல் அப்படியே நிற்கிறாள்.

“என்னடி?”

“அன்னைக்கு அவரும் இப்படித்தாம்மா கையைத் தூக்கினார்.”

அப்போதுதான் முழுக்கதையும் வெளியே வந்தது. ‘இந்த வீட்டுல நானா, இந்தத் தொட்டியா?’ என்று இவள் கேட்டிருக்கிறாள். நீங்கள் ‘ஒரு நிமிஷம்’ என்றிருக்கிறீர்கள். பதில் சொல்ல உங்களுக்கு ஒரு நிமிடம் யோசனை தேவைப்பட்டது என்று முடிவுகட்டி இவள் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். ஏன் மாப்பிள்ளை, குமிழி எண்ணிட்டிருந்தேன்னு கதவுக்கு வெளிய நின்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா? அதை விட்டுட்டுப் பெட்டியைக் கட்டிக்கிட்டுக் கிளம்பியாச்சு, பெரிய ரோஷக்காரர்! இவளுக்கு மட்டும் என்ன? உண்மை தெரிஞ்ச பிறகும் ரெண்டு நிமிஷம் தொட்டியையே பார்த்துக்கிட்டு நின்னா, கண்ணைத் துடைச்சுக்கிட்டா, அப்புறம், “இருந்தாலும் தொட்டியை வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லு”ன்னுட்டா. உங்க ரெண்டு பேருக்கும் நான் என்ன பரீட்சை வைக்கிறது?

ஆகவே முன்சொன்ன ஞாயிறு மாலையை நினைவில் கொள்ளவும். வயதில் மூத்தவள் என்ற ஒரே தகுதியில் உங்களுக்கு நீண்ட ஆயுளும், நல்ல பசியும், சற்றே கூடுதலான பேச்சும் வாய்க்க ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
அத்தை

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் வாசலில் அழைப்புமணி. மகள் எனக்குத் தெரியாமல் சொல்லிவைத்து, அசல் கரியமில வாயு சிலிண்டரே வந்து இறங்கியிருக்கிறது. கொண்டுவந்தவர் தொட்டியைப் பார்த்துவிட்டு, “இத்தனூண்டு தொட்டிக்கா மேடம்? ஒரு தடவை நிரப்பினா ஒரு வருஷத்துக்கு மேல ஓடுமே!” என்றார். “ஓடட்டும்” என்று கையெழுத்துப் போட்டாள். எனவே மேலே எழுதிய ஞாயிறு, சகிதம், முடிவு அனைத்தையும் அடித்துவிட்டதாகக் கொள்ளவும். சிலிண்டரின் தலையில், வாயுவை அளந்து விடும் மீட்டரை வைத்து முறுக்க எங்கள் இருவருக்கும் கைவலு போதவில்லை. வீட்டில் ஸ்பேனர்கூட இல்லையே என்றேன். “அவர்தான் எடுத்துட்டுப் போயிட்டாரே, கொண்டுவரச் சொல்லு” என்றவள், உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்து, “அழுக்குத் துணி இருந்தா அதையும் அப்படியே கட்டிக் கொண்டுவரச் சொல்லும்மா, இங்கயே துவைச்சுக்கலாம்” என்றாள்.