பதவிக்கு எத்தனை அடி?

திருவாரூரில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஸ்டிக்கர் கடை வைத்திருந்த அமலி, ஸ்டிக்கர் வெட்டும் மிஷின் ஒன்று வாங்குவதென்றும், அது இரண்டடி அகலத்துக்கு மேற்படலாகாதென்றும், தன் ஏகமனதான ஒப்புதலுடன் தீர்மானித்தாள். காரணங்கள் வலுவானவை. அதுவரை பிளேடு பிடித்துக் கையால் வெட்டியதில் விரலெல்லாம் கீறல். வருகிற வேலையோ பைக் நம்பர் பிளேட்டு, டீக்கடைக் கண்ணாடி, டிராக்டரில் பிள்ளைகளின் பெயர். கடைக்குள் இரண்டு பேர் நுழைந்தால் ஒருவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

தஞ்சாவூரில் மிஷின் விற்கும் மூஸாவும் அதையே சொன்னார். "ரெண்டடி போதும்மா. நாலடி வாங்கினா மிஷின் உள்ள இருக்கும், நீ ரோட்டுல இருப்ப."

வாங்கினாள். வாங்கிய கையோடு, கடைமடை நீர்வரத்துக் கண்காணிப்பு அலுவலகத்தின் ஜீப் வாசலில் வந்து நின்றது. ஆற்றுத் தண்ணீர் கடைசி வயல் வரை வந்துவிட்டதா என்று போய்ப் பார்ப்பதும், வரவில்லையென்றால் 'வரவில்லை' என்று மேலிடத்துக்கு எழுதுவதும் அந்த அலுவலகத்தின் தலையாய பணி. உதவி அலுவலர் மதிவாணன் இறங்கினார்.

"ஜீப் பக்கவாட்டுல என் பதவி வரணும். மூணு வரி. ஆனா ஒரே துண்டா இருக்கணும்."

அமலி அளந்து பார்த்தாள். "உயரம் ரெண்டடியத் தாண்டுது சார். வரி வரியா வெட்டிச் சேர்த்துடுறேன். ஒட்டு வெளிய தெரியாது."

மதிவாணன் முகம் சுருங்கியது. "தெரியுதா தெரியலையாங்கிறது இல்லம்மா பிரச்சினை. அரசுப் பதவியில ஒட்டு இருக்கலாமா?"

"கடைசியில 'பொறுப்பு'ன்னு ஒண்ணு வருதே சார்?"

"அதைச் சின்னதாப் போடு. முடிஞ்சா டயர் மறைக்கிற மாதிரி."

வந்த வழியே அவர் போய்விட்டார். போனால் போகட்டும் என்று அமலி இருந்திருப்பாள். ஆனால் 'பதவிக்கு ஏற்ற மிஷின் அமலி கடையில் இல்லை' என்ற சேதி, தண்ணீர் போகாத கடைமடைக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. வழக்கமாக வரும் டீக்கடைக்காரர்கூட, "பெரிய மிஷின் உள்ள இடமாப் பாத்துக்கிறேன்" என்றார். அவர் ஒட்ட நினைத்தது 'பார்சல் உண்டு'.

அமலியின் கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போயிற்று, நாலடி மிஷின் கடைக்கு வந்தது. மூஸா சொன்னபடியே அவள் ரோட்டுக்கு வந்தாள். குடை ஒன்றை நட்டு, அதன் கீழே நின்று வேலை பார்த்தாள்.

மதிவாணனின் பதவி ஒட்டின்றி ஒட்டப்பட்டது. அதைக் கண்ணுற்ற மேலதிகாரி பிரகதீஸ்வரி, தன் ஜீப்பில் நேரிலேயே வந்துவிட்டார். நிர்வாகச் சிக்கல் ஒன்று எழுந்திருந்தது.

"எனக்குக் கீழ இருக்கிறவர் எழுத்து என் எழுத்தைவிடப் பெரிசா இருக்கு. யாருக்கு மேல யாருன்னு மக்களுக்குக் குழப்பம் வராதா?"

"அவருதைக் கொஞ்சம் சின்னதாக்கிடட்டுங்களா மேடம்?"

"ஒருத்தர் பதவியச் சுருக்க எனக்கு அதிகாரம் இல்ல. என்னுதைப் பெரிசாக்கு."

பக்கவாட்டில் இடம் போதவில்லை. ஆகவே முன்கண்ணாடி முழுக்க எழுதுவதென முடிவாயிற்று.

"டிரைவருக்கு ரோடு தெரியாதுங்களே மேடம்?"

பிரகதீஸ்வரி கண்ணாடியைக் கூர்ந்து ஆராய்ந்தார். "மாவட்டம்னு ஆரம்பிக்குதுல்ல? 'ம'வுக்குள்ள நல்லா சதுரமா இடம் இருக்கு. அது வழியாப் பார்த்து ஓட்டட்டும். நேரான ரோடுதானே."

அமலி முடியாது என்று சொல்ல வாயெடுத்தாள். குடைக்கு வெளியே, அளவெடுக்க வந்து காத்திருந்த மற்ற அலுவலக ஜீப்புகள் கண்ணில் பட்டன. வெட்டினாள்.

ரோடு நேராக இருந்தவரை ஜீப்பும் நேராகப் போனது. வளைவு வந்தபோது, அது 'ம'வுக்கு வெளியே இருந்தது. வைரக்கண்ணு என்ற விவசாயியின் நாற்றங்காலுக்குள் ஜீப் இறங்கி, போர்வெல் தண்ணீர் இறைத்து அவர் வளர்த்த சம்பா நாற்றை உழக்கி, பக்கத்து வயல் வரப்பையும் உடைத்து, அப்பால் இருந்த வாய்க்காலில் போய் விழுந்தது. யாருக்கும் பெரிய அடி இல்லை. அலுவலக அறிக்கை இவ்வாறு கூறியது: 'வாய்க்காலில் தண்ணீர் வராதிருந்தமையால் உயிர்ச்சேதம் தவிர்க்கப்பட்டது. இந்நிலை தொடர ஆவன செய்யப்படும்.'

சேதி கேட்டதிலிருந்து அமலிக்குச் சோறு இறங்கவில்லை. வைரக்கண்ணு ஒருநாள் கடைத்தெருவில் தன்னை நோக்கி வருவதைப் பார்த்ததும் கையைப் பிசைந்தாள்.

"ஐயா, அந்த ஸ்டிக்கரை வெட்டினது நான்தாங்க. என்ன வேணா திட்டுங்க."

"தெரியும்மா. அதனாலதான் உன்கிட்ட வந்தேன்" என்றார் அவர். "டிராக்டர் டிரெய்லர்ல ஒண்ணு ஒட்டணும். 'மாவட்டத்திலேயே முதன்மையாகப் பாதிக்கப்பட்ட விவசாயி.' எழுத்து அந்தம்மா எழுத்தைவிடப் பெரிசா இருக்கணும்."

அமலி திகைத்தாள். "நாத்து என்னங்க ஆச்சு? மறுபடி விதை விட்டீங்களா?"

"அது கெடக்கட்டும். பக்கத்து வயக்காரனும் 'பாதிக்கப்பட்ட விவசாயி'ன்னு போட வருவான். அவனுக்கு வரப்பு மட்டுந்தான் உடைஞ்சுது. சின்னதாவே வெட்டிக் குடு."

அமலிக்கு அவரிடம் சொல்ல எவ்வளவோ இருந்தது. டிரெய்லரின் நீள அகலத்தை மனசுக்குள் ஒருமுறை போட்டுப் பார்த்தாள்.

"நாலடியில அடங்காதுங்க ஐயா. அஞ்சடி மிஷினுக்குச் சொல்லிடுறேன். என்ன கலர் போடட்டும்?"

வைரக்கண்ணு கொஞ்சம் யோசித்தார்.

"நாத்துப் பச்சை."